நத்தை முட்டை

ஃபிஜித் தீவில், ரக்கிரக்கி ஊரின் கரும்புக் காட்டைத் தாண்டி வரும் மாலை வெயில், மஜீத் வீட்டுக் கூடத்து மீன்தொட்டிக்குள் இறங்கித் தண்ணீரைத் தேநீர் நிறமாக்குகிறது. பட்டாளம் ஆட்சியைப் பிடித்து ஐந்து மாதமாகிறது; இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக நாட்டை விட்டுப் போகின்றன. வரும் சனிக்கிழமை மஜீத் குடும்பத்தோடு ஆக்லாந்துக்கு விமானம் ஏறுகிறார். தொட்டி இனி பக்கத்து வீட்டு அப்பல்சாமிக்கு. அவர் தொட்டிக் கண்ணாடியில் மூக்கு படக் குனிந்து பூரித்துப்போகிறார். "பாய், மீனு முட்டை வச்சிருக்கு!"

மஜீத்துக்குச் சிரிப்பு வருகிறது. "கப்பி மீனு குட்டிதாண்ணே போடும். இது நத்தை முட்டை. பாருங்க, பசைக்குள்ள புள்ளி புள்ளியா ஒட்டிக்கிட்டிருக்கு. விட்டா தொட்டி பூரா நத்தைதான்." சட்டைக் கையை மடித்துவிட்டு, சவர பிளேடால் ஒவ்வொன்றாகச் சுரண்டித் துணியில் துடைக்கிறார். நண்பருக்கு எந்தத் தொல்லையையும் விட்டுப்போக அவருக்கு மனமில்லை. கடைசி முட்டைக்கொத்தின் அருகே பிளேடு போகும்போது அப்பல்சாமி அவருடைய ஈர மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறார்.

"அது இருக்கட்டும் பாய்."

"அப்புறம் அவதிப்படுவீங்கண்ணே."

"படறேன். என்ன செய்யறதுன்னு கேட்டு ஒனக்குக் கடுதாசி போடலாமில்ல?"

மஜீத் பிளேடை மறு கைக்கு மாற்றி மேசைமேல் வைக்கிறார். பிடிபட்ட கையை இழுத்துக்கொள்ளவில்லை.