பலகையைப் பார்க்காதவள்

இருநூற்றுப் பதினொரு டென்னிஸ் ஆட்டங்களில் தொடர்ந்து வென்ற தாரகை, தென்காசியிலிருந்து வந்த செண்பகத்திடம் நேர் செட்களில் தோற்றுப்போனாள். ஆட்டம் தொடங்குமுன் அரங்கில் உயரே இருந்த கணிப்புப் பலகை தாரகைக்கு வெற்றி வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்று காட்டியிருந்தது. அந்தப் பலகை அதுவரை பொய்த்ததே இல்லை.

இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று தாரகைக்குத் தோன்றியது. செண்பகத்தின் மட்டையைப் பிரித்துப் பார்க்கச் சொன்னாள். ரத்தத்தைச் சோதிக்கச் சொன்னாள். இரண்டிலும் ஒன்றுமில்லை. பொறுக்கமாட்டாமல் உடைமாற்றும் அறைக்கே போய்விட்டாள்.

"உண்மையச் சொல்லு. என்ன பண்ணின?"

செண்பகம் மிரண்டாள். "ஒண்ணும் பண்ணலக்கா. எப்பவும் போலத்தான் ஆடினேன்."

"பலகையில உனக்கு வெறும் ஒண்ணுன்னு போட்டிருந்துச்சு. அதப் பாத்துமா கை நடுங்கல?"

"பலகையா? நான் பாக்கவே இல்லியேக்கா. நடுவர் கூப்பிடுற வரைக்கும் கண்ண மூடி இலஞ்சி முருகனக் கும்பிட்டுட்டு இருந்தேன்."

தாரகை வீட்டுக்கு வந்து, கோப்பைகள் நிறைந்த கூடத்தில் தன் பழைய ஆட்டங்களின் பதிவுகளை முதலிலிருந்து ஓடவிட்டாள். பந்தை அவள் பார்க்கவில்லை, எதிரில் நின்றவர்களின் முகத்தையே பார்த்தாள். முதலாமவள் பலகையை அண்ணாந்து பார்த்தாள், தோள் தொங்கிப்போயிற்று. இரண்டாமவளும் அப்படியே.

கணவன் சாப்பிடக் கூப்பிட்டபோது அவள் நாற்பதாவது ஆட்டத்தில் இருந்தாள்.

"கொஞ்சம் இருங்க," என்றாள். "நான் ஜெயிச்ச ஆட்டம் ஒண்ணாவது இருக்கான்னு தேடிட்டிருக்கேன்."