மூன்று மணிக்குச் சாத்தும் கதவு

மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் துப்பறியும் அதிகாரி குவோவின் வலது மணிக்கட்டு துருப்பிடித்த கீல் மாதிரிதான் இருந்தது. ஜியாயி நகரச் சந்தையில் ஒரு சைக்கிள் திருடனைத் துரத்தியபோது மீன்கடை ஈரத்தில் வழுக்கிக் குப்புற விழுந்ததில் உடைந்த கை. எலும்பு கூடிவிட்டது, கைதான் மடங்க மாட்டேன் என்றது.

பிசியோதெரபிஸ்ட் சுவாங் அம்மா பிசைந்து பழகக் கொடுத்த ரப்பர் பந்து பக்கத்து வீட்டு நாயிடம் போய்ச் சேர்ந்தது. துண்டைப் பிழியச் சொன்னால் வலிக்கிறது என்பார் குவோ. உள்ளங்கையைத் திருப்பிப் பழகச் சொன்னால் மறந்துவிட்டது என்பார்.

"அடுத்த மாசம் இருபதாம் தேதி துப்பாக்கிச் சோதனை," என்றாள் மனைவி ஷூச்சின், தள்ளுபடிச் சீட்டுகளைக் கத்தரித்தபடியே. "அதுல தோத்தா, ரிட்டையர் ஆகிற வரைக்கும் காணாமப்போன குடைக்கெல்லாம் சீட்டு எழுதிக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்."

"கைக்கு ஓய்வு குடுத்தா தானா சரியாகும். நீ சும்மா இரு."

இரண்டு நாள் கழித்துத் தபால் பெட்டியில் ஒரு மொட்டைக் கடிதம் கிடந்தது. செய்தித்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகள்: 'சுவாங் சிகிச்சை நிலையம். பின்னறை. தினம் மூன்று மணி. சூதாட்டம்.'

குவோவின் முதுகு தானாக நிமிர்ந்தது. மருத்துவ விடுப்பில் இருந்துகொண்டே ஒரு சூதாட்டக் கும்பலைப் பிடித்துக் கொடுத்தால், மேலதிகாரி குடைகளைப் பற்றிப் பேசவே மாட்டார். காவல் நிலையத்தில் யாரிடமும் மூச்சுவிடாமல் தனியாகவே கிளம்பினார்.

மறுநாள் சிகிச்சைக்கென்று குவோ உள்ளே போய் உட்கார்ந்திருக்க, மூன்று அடித்ததும் சுவாங் அம்மா வாசல் கதவைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டார். பின்னறையிலிருந்து, நாலு பேர் சேர்ந்து ஆடும் மாஜாங் ஆட்டத்தின் காய்கள் உருளும் சத்தம் கேட்டது. குவோ வழி தவறியவர் போல எட்டிப் பார்த்தார். மேசையைச் சுற்றி மூன்று பேர், ஒரு காலி நாற்காலி.

"நாலாவது ஆள் இல்லாம தவிக்கிறோம். உக்காருங்க தம்பி," என்றாள் சந்தையில் வியாபாரம் செய்யும் தூ அக்கா. "என்ன வேலை பாக்கறீங்க?"

தபால் ஆபீஸ் குமாஸ்தா என்றார் குவோ.

"முகத்தைப் பாத்தாலே தெரியுதே," என்றாள் அக்கா. மற்ற இருவரும், பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற லியாவ் அண்ணனும் பான் டீச்சரும், ஏனோ காய்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த மேசையின் விதிகள் கடுமையானவை. இடது கை மேசைமேல் அசையாமல் இருக்க வேண்டும். காயை ஒளித்து வைப்பது அந்தக் கைதானாம். காய்களைக் கலப்பதும் வலது கைதான், உள்ளங்கையை அழுத்தி, பெரிய பெரிய வட்டமாக. எடுத்த காயைக் கண்ணால் பார்க்கக் கூடாது. கையை மல்லாத்தி, காயில் செதுக்கிய குறியைக் கட்டைவிரலால் தடவியே கண்டுபிடிக்க வேண்டும். தோற்றவர், பீடை விலக, நால்வருக்கும் வெந்நீர்த் துண்டு பிழிந்து தர வேண்டும். இத்தனை கட்டுக்காவல் பெரிய ஆட்டக்காரர்களிடம்தான் இருக்கும் என்று குவோ மனசுக்குள் குறித்துக்கொண்டார்.

தினமும் அவர்தான் தோற்றார். மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. வழக்குக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டார். இரண்டாவது வாரம் காய்களையே மாற்றினார்கள். புதியவை பெரியவை, செங்கல் கனம். உள்ளே எதையோ ஒளித்திருக்கிறார்கள். காசுக்குப் பதில் பந்தயமாக வைத்த வறுத்த தர்பூசணி விதைகள்கூட வெளியே வேறு எதற்கோ அடையாளமாக இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமையும் சிகிச்சைக்கா என்று கேட்டாள் ஷூச்சின். உடம்பை நாம்தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் குவோ. அவள் கிண்ணத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு சூப்பைக் குடித்தாள்.

பதினெட்டாம் தேதி, இதற்குமேல் பொறுக்க வேண்டாம் என்று முடிவு செய்தார். ஆட்டம் முடிந்து காய்களைப் பெட்டியில் அடுக்கியதும் எழுந்து அடையாள அட்டையைக் காட்டினார். பெட்டியை வலது கையால் தூக்கிப் பிடித்தார்.

"போலீஸ். யாரும் அசையக் கூடாது. இது சாட்சி."

யாரும் அசையவில்லை. சுவாங் அம்மா மட்டும் மெல்ல வந்து, கோணம் அளக்கும் பிளாஸ்டிக் அளவுகோலை அவர் மணிக்கட்டில் வைத்தார்.

"நீங்களும் அசையாதீங்க. எழுபது டிகிரி. முதல் நாள் இருபதுகூட இல்ல. இந்தப் பெட்டி நாலு கிலோ, உங்க துப்பாக்கி ஒரு கிலோகூட இருக்காது. நாளன்னிக்குத் தைரியமா போங்க."

"நான் கைது பண்ணிட்டு இருக்கேன்."

"பண்ணுங்க தம்பி," என்றாள் தூ அக்கா. "பந்தயம் வச்ச விதையை ஜெயிச்சவங்க அப்பவே கொறிச்சாச்சு. அதையும் எழுதிக்குங்க."

"நான் போலீஸ்னு முன்னாடியே தெரியுமா?"

"என் மீன்கடை வாசல்லதானே விழுந்தீங்க. தபால் ஆபீஸ்னு நீங்க சொன்னப்ப லியாவ் அண்ணன் சிரிப்பை அடக்கத் தொடையைக் கிள்ளிக்கிட்டதுல நகக்குறியே விழுந்துபோச்சு."

கடிதம் யார் போட்டது என்று குவோ கேட்டார். நோயாளிகளின் குடும்ப விஷயத்தை வெளியே சொல்லும் வழக்கம் இல்லை என்று சுவாங் அம்மா வாசல் கதவைத் திறந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து சேரவும், தெருமுனையில் குப்பை லாரியின் பாட்டு கேட்கவும் சரியாக இருந்தது. ஷூச்சின் பழைய செய்தித்தாள் கட்டு ஒன்றை நீட்டினாள்.

"கைதான் சரியாயிடுச்சே. இதைக் கொண்டுபோய்ப் போட்டுட்டு வாங்க."

வலது கையாலேயே வாங்கினார். கட்டின் மேல்தாளில் ஒரு சூதாட்ட விடுதியைப் போலீஸ் வளைத்த படம். அதற்கு மேலே தலைப்பு இருந்த இடத்தில், தள்ளுபடிச் சீட்டு வெட்டும் அதே நறுவிசோடு, வரிசையாகச் சின்னச் சின்னச் சதுர ஓட்டைகள்.