கை வைக்காத மல்லன்

அவர் பொம்மையைத் தூக்கினார். எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கட்டைவிரல் உயரம்கூட இல்லாத மல்லன். கையில் வாள் கிடையாது, வேல் கிடையாது. பலகை விரித்து, ஆளுக்கொரு பொம்மையோடு கதையாக ஆடும் இந்த விளையாட்டுக்கென்று மகன் நிமலன் தானே செய்து வண்ணம் பூசிய ஆள். பூதத்திடம் வெறுங்கையோடு போகிறவனை என்னவென்று சொல்வது? கூறு கெட்டவன் என்றுதான்.

நிமலன் போனபின் அவனுடைய ஆளை அவர் ஆடுகிறார். அவராகத்தான் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை நிமலனோடு ஆடிய இந்தப் பிள்ளைகளும் வராமல் போனால் வீடு வீடாக இருக்காது.

கதையை நடத்துகிறவள் ஃபர்ஹானா. பூதங்களின் படப் புத்தகத்தைப் புரட்டி, கைக்கு வந்த ஒன்றை எடுத்துவிட்டாள்.

"கல்பூதம் ஆல்வினோட வீரனைப் புடிச்சிருச்சு அங்கிள். இடுப்பு வரைக்கும் கல்லாயிட்டான். வாள் இருந்தா தள்ளி நின்னு வெட்டலாம். மல்லன் கையாலதான் இழுக்கணும். தொட்டா அவனும் கல்லாயிடுவான். என்ன செய்றான்?"

கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. புத்தகத்தை மூடிவிட்டாள்.

எதிரே ஆல்வின்.

ஐப்பசி மழையில், தெருமுனையில், அறுந்து விழுந்த மின்கம்பியில் சிக்கித் துடித்தவன் அவன்தான். ஓடிப்போய்க் கையால் இழுத்தவன் நிமலன். ஒரு கட்டையை எடுக்கக்கூடத் தோன்றவில்லை பாவிக்கு.

ஆல்வின் பிழைத்தான்.

"விட்டுருங்க அங்கிள்," என்றான் இப்போது, பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நிமலனாக இருந்தால் இழுக்கிறேன் என்று பகடையை எப்போதோ உருட்டியிருப்பான். அது அவருக்குத் தெரியும்.

பொம்மையை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"தொடல," என்றார்.

ஆல்வின் தன் வீரனைத் தானே எடுத்துப் பெட்டிக்குள் போட்டான்.

ஆட்டத்தில் செத்தவன் மேசையை விட்டு எழுந்துவிட வேண்டும். ஆட்டம் முடியும்வரை வெளியே மாடிப்படியில்தான் உட்கார வேண்டும். நிமலன் போட்ட விதி. முன்பெல்லாம் அப்படி எழுந்து போகிறவனை எல்லாரும் சேர்ந்து ஓட்டி எடுப்பார்கள்.

ஆல்வின் எழுந்தான். யாரும் சிரிக்கவில்லை.

உட்காருடா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் பகடையைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

வாசலில் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. படியில் உட்காருவான் என்று காத்திருந்தார்.

காலடிகள் கீழே இறங்கிப் போயின.

பலகையில் மல்லன் நின்றுகொண்டிருந்தான். உயிரோடு, தனியாக.