சட்டியில் வந்த சாட்சி

வாய்க்கால் கரையில் நண்டுக்கு ஒரு வளை இருந்தது. அதற்குப் பட்டாவும் இருந்தது. மேல்பக்கம் எருமை தினமும் விழுந்து புரண்டதில், சேறும் சாணியுமாகத் தண்ணீர் வளைக்குள் புகுந்தது. குஞ்சுகள் மூச்சுமுட்டிச் செத்தன.

"என் இடத்துக்குள்ள அழுக்கு வருதுங்கய்யா" என்று நண்டு கோர்ட்டுக்குப் போனது. அன்று காலையில் அள்ளிய கலங்கல் தண்ணீரை ஒரு சட்டியில் சாட்சியாக ஒப்படைத்தது.

நீதிபதி ஆமையார் பட்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இடம் உன்னுதுதான், சந்தேகமில்லை. மற்றதை அடுத்த வாய்தாவில் பார்ப்போம்."

ஏழு வாய்தா போனது. எட்டாவதில் சட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அழுக்கெல்லாம் அடியில் தங்கி, மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது.

"இதுவா அழுக்கு?" என்றார் ஆமையார்.

நண்டு சட்டியருகே ஓடியது. "அடியில பாருங்கய்யா!" என்று கொடுக்கை விட்டுக் கலக்கிக் காட்டியது. சட்டி முழுக்கச் சேறானது.

அதுவரை ஒற்றைக் காலில் நின்றிருந்த எருமையின் வக்கீல் கொக்கு, மறுகாலையும் ஊன்றியது. "கனம் கோர்ட்டார் அவர்களே, கலக்கியது யார் என்று தாங்களே பார்த்தீர்கள்."

"பார்த்தேன்" என்றார் ஆமையார். அன்றைக்கு மட்டும் வாய்தா கொடுக்காமல், உடனே தீர்ப்பு எழுத உட்கார்ந்தார்.