வளைவுக்கு முன் ஒரு பலகை

சாலையோரம் எச்சரிக்கைப் பலகைகள் நடுவதுதான் அவருக்கு வேலை. அதனால் மகளைப் பள்ளிக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம் காரிலேயே பாடம் நடக்கும்.

"இது என்ன?"

"வேகத்தடை! போங்கப்பா, கஷ்டமா கேளுங்க."

அன்று வலப்பக்க வளைவுக்கு முன்னால், அவர் நடாத பலகை ஒன்று நின்றது. சிவப்பு முக்கோணத்துக்குள் ஒரு கார். பின்சீட்டில் சின்ன உருவம். டிரைவர் சீட்டில் யாருமில்லை.

"இதுக்கு என்னப்பா அர்த்தம்?"

அவருக்கே தெரியவில்லை. ஓரங்கட்டி, கைப்பிரேக்கை இழுத்து, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார். பலகையைத் தொட்டார். பெயின்ட் விரலில் ஒட்டியது.

"அப்பா, நீங்க வரலையா?"

திரும்பியவர் அடித்துப் பிடித்து ஓடினார். அவருக்கு எட்டாத தூரத்தில் கார் வலது இண்டிகேட்டர் போட்டு, வளைவில் நிதானமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.