கட்டைவிரல் நின்ற இடம்

இரண்டு கணினிச் சிப் கம்பெனிகள் கூட்டாக ஆலை தொடங்கப் பேசிக்கொண்டிருந்தன. ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை. எதிர்த்தரப்பின் ஆலையைப் பார்க்க வந்த பொறியாளன் இளவழுதியிடம், அவனுடைய கம்பெனி வக்கீல் யூஜினா வாசலிலேயே சொல்லிவிட்டாள்: "பாருங்க, ஆனா எதையும் அளக்காதீங்க. உலையில எத்தனை நொடி வைக்கிறாங்கங்கறதுதான் அவங்க ரகசியம். அது தெரிஞ்ச பிறகு பேச்சு முறிஞ்சா, நாம எழுதிக் கொடுத்தபடி மூணு வருஷம் நீங்க நம்ம உலைப் பக்கமே போக முடியாது." போனையும் கைக்கடிகாரத்தையும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போனான். சிலிக்கான் வில்லையை வாங்கிக்கொண்டு உலையின் கதவு மூடியது. பதினோரு வருடப் பழக்கம். கையுறைக்குள் அவனுடைய கட்டைவிரல் தானாகவே நொடிக்கொரு விரல்கணுவாக எண்ணத் தொடங்கியது. கதவு திறந்தபோது விரல் நான்காம் சுற்றில், மோதிரவிரலின் நடுக்கணுவில் நின்றது.

வெளியே யூஜினா தன் போனில் பேசி முடித்துத் திரும்பினாள். "பேச்சு முறிஞ்சிருச்சு சார்." எதையும் தெரிந்துகொள்ளவில்லை என்ற உறுதிமொழித் தாளை நீட்டியவள், மோதிரவிரலில் ஊன்றியிருந்த அவன் கட்டைவிரலைப் பார்த்துவிட்டாள்.

"எண்ணினீங்களா?"

"நான் எண்ணலை மேடம். விரல்தான்..."

"விரலுக்குத் தனி வக்கீல் வைக்கணுமா?" அவள் குரல் தாழ்ந்தது. "எத்தனைன்னு சொல்லிடாதீங்க, நானும் மாட்டிக்குவேன். ஆமாவா, இல்லையா?"

உலையைத் தவிர அவனுக்கு வேறு வேலை தெரியாது. பேனாவை வாங்கக் கை நீட்டினான். மற்ற விரல்கள் விரிந்தன. கட்டைவிரல் மோதிரவிரலை விடவில்லை.