சிரிப்பும் பேச்சுதான்

"சிரிக்காம உன்னால ஒரு புத்தகம் படிக்க முடியுமாம்மா?" என்று நூலகர் முன்பொரு நாள் கேட்டபோது இசைவாணி முடியும் என்று தலையாட்டினாள். பள்ளியை விட்டு நின்றவளுக்கு நூலக அட்டை ஒன்றுதான் மிச்சம்.

சிரிப்பும் கருத்துரிமையே என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. உடனே அரசு, கருத்துக்குப் போட்டிருந்த தடைகளையெல்லாம் சிரிப்புக்கும் போட்டுவிட்டது. நையாண்டி நூலைப் படித்துச் சிரித்தால் அட்டை போய்விடும்.

இன்று அவளுக்கு எதிரே, யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்கும் கண்காணிப்பாளர் தணிகாசலம் உட்கார்ந்திருந்தார். அவள் கையிலிருந்த நையாண்டி நூலில், திறப்பு விழாவுக்கு வந்த அமைச்சர் பாலத்தைத் தேடி ஆற்றுக்குள் இறங்கும் பக்கத்துக்கு வந்ததும் இசைவாணியின் கன்னங்கள் உப்பின, தோள்கள் குலுங்கின.

"என்ன பாப்பா, சிரிப்பா?"

"விக்கல் சார்."

"எந்தப் பக்கத்துல வருது விக்கல்? காட்டு."

வாங்கிப் படித்தவரின் மீசை துடித்தது. அடக்கிப் பார்த்தார். முடியாமல், வயிறு குலுங்க வெடித்துச் சிரித்துவிட்டார்.

"சிரிப்பு பதிவானது. தணிகாசலம், பணிநீக்கம்" என்றது கூரையிலிருந்த கருவி.

அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். "போனது போயிருச்சு. அடுத்த பக்கத்தைத் திருப்பு பாப்பா."

அவள் உதட்டைக் கடித்தபடி பக்கம் பக்கமாகத் திருப்ப, அத்தியாயம் முடியும்வரை அவர் அவளுக்கும் சேர்த்துச் சிரித்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியேறினார்.